எங்கள் தெருவில் தண்ணீர் நின்ற உயரம்

எதிர்வீட்டு பாய் என் வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு வந்து, வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து, நான் கொடுத்த தண்ணீரை நிதானமாகக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "இடிக்கச் சொல்லி நீங்க எழுதின மனு நல்லா வேலை செஞ்சுது சார். கட்டச் சொல்லியும் நீங்களே ஒண்ணு எழுதிக் குடுத்துடுங்க."

அதில் கிண்டல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பாய் பல வருஷம் டைல்ஸ் கடை நடத்தி ஓய்ந்தவர். சமையலறைக்கு ஊதா நிறம் கேட்டு வருகிறவரிடமும் 'சூப்பரா இருக்கும்' என்று சொல்லிப் பழகிய முகம். அதில் எதையும் படிக்க முடியாது.

மனு விஷயம் உண்மை. எங்கள் தெரு மாடம்பாக்கத்தைத் தாண்டி, ஒரு ஏரிக்குக் கீழே இருக்கிறது. 'ஏரிக்குக் கீழே' என்பதை மனை விற்றவர்கள் 'லேக் வியூ' என்று சொன்னார்கள். ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் போவதற்கான கால்வாய் தெருவின் ஓரமாக ஓடுகிறது. கால்வாய்க்கு இந்தப் பக்கம் சாலையும், நான் உள்ளிட்ட பலரும். அந்தப் பக்கம் ஒரே ஒரு வரிசை வீடுகள். அந்த வரிசைக்காரர்கள் அவரவர் வாசலுக்கு நேராகக் கால்வாயின் மேல் கான்கிரீட் தளம் போட்டு, அதன் மேல் கார் நிறுத்தி, தொட்டிச் செடி வைத்து, சாயங்காலம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இதற்கெல்லாம் அனுமதி என்று ஒன்று உண்டு, அதைக் கேட்பதற்கு ஓர் அலுவலகமும் உண்டு என்பது யாருக்கும் தோன்றவில்லை. பெருமழையில் ஏரி நிரம்பித் தண்ணீர் வந்தபோது, அந்தத் தளங்களுக்கு அடியில் தெர்மாகோலும் ஒரு சோபா மெத்தையும் அடைத்துக்கொண்டன. தண்ணீர் வேறு வழி தேடி எங்கள் வீடுகளுக்குள் வந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு குடியிருப்போர் சங்கம் கூடியது. நான் பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். சங்கத்தில் அதை 'சார் நல்லா எழுதுவார்' என்று சுருக்கி, மனு எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். என் எழுத்தால் உலகத்தில் ஏதாவது நடந்தது என்றால் அது அந்த மனுவால்தான். சில வருஷத்தில் பொக்லைன் வந்தது. தளங்கள் எல்லாம் பெயர்க்கப்பட்டன. அடுத்த மழையில் தண்ணீர் தெருவை எட்டிக்கூடப் பார்க்காமல் கால்வாயிலேயே போனது.

ஆக, இடித்தது சரிதான். பாயும் அதைத் தப்பென்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் அந்த வரிசையில் மற்ற வீடுகளுக்கெல்லாம் பின்தெருவில் இன்னொரு வாசல் உண்டு. பாய் வீட்டுக்குப் பின்னால் மட்டும் ஓர் அடுக்குமாடியின் உயரமான மதில். தளம் போனதும் அவர் வீடு தீவாகிவிட்டது. சாரம் கட்டுகிற பலகைகளைக் குறுக்கே போட்டு, அதன் மேல் நடந்து அவர் சாலைக்கு வந்துகொண்டிருந்தார். அவரால் முடிந்தது. அவர் மனைவியால் முடியவில்லை.

அந்த அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்புக்கு ஆபரேஷன் ஆகி, வாக்கர் வைத்து நடந்துகொண்டிருந்தார். வாரத்தில் சில நாள் கேம்ப் ரோட்டில் பிசியோதெரபிக்குப் போகவேண்டும். பலகையில் வாக்கர் நிற்காது. அதனால் பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, பாயும் ஸ்டாண்டிலிருந்து இரண்டு ஆட்டோக்காரர்களும் தூக்கிக்கொண்டு கால்வாயைக் கடப்பார்கள். நாங்கள் எல்லாரும் அவரவர் வாசலில் நின்று, பார்க்காதது போலப் பார்ப்போம். இப்படிச் சில வாரம் நடந்தது. ஒரு நாள் ஆட்டோக்காரர் ஒருவரின் கால் பலகையில் சற்று இடறியது. விழவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அக்கா வெளியே வருவதை நிறுத்திவிட்டார். பிசியோதெரபியும் நின்றது. இப்படியே உட்கார்ந்திருந்தால் அப்புறம் நடக்கவே முடியாமல் போய்விடும் என்று டாக்டர் போனில் சொல்லியிருந்தார்.

என் மனைவி பார்க்கப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். அக்கா என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "ஊர்வலத்துல சாமியத் தூக்குற மாதிரி தூக்குறாங்க தம்பி. சாமிக்குக் கூச்சம் கிடையாது, எனக்கு இருக்கே."

அதனால்தான் பாய் மனு கேட்டு வந்திருந்தார். தளம் வேண்டாம், கார் வேண்டாம், வாக்கர் போகிற அகலத்துக்கு ஒரு சின்ன இரும்புப் பாலம், இந்தத் தடவை முறைப்படி அனுமதி வாங்கி.

நான் இரவெல்லாம் யோசித்து எழுதிய மனு, தண்ணீர் மனிதர்களைப் பிரிப்பதற்காகப் பிறக்கவில்லை என்று ஆரம்பித்தது. பாய் முதல் பக்கத்தைப் பொறுமையாகப் படித்தார். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். "ரொம்ப நல்லா இருக்கு சார். பாலம் எங்க வருது?" என்று கேட்டார். பாலம் மூன்றாம் பக்கத்தில் வந்தது. அதை முதல் வரிக்குக் கொண்டுவந்து மற்றதை எடுத்துவிட்டோம். அப்போது மனு அரைப்பக்கத்துக்குச் சுருங்கி, படிக்கிற மாதிரி ஆனது.

கால்வாய் ஒரு துறையுடையது. கரை நிலம் இன்னொரு துறையுடையது. சாலை மூன்றாவதுடையது. தண்ணீர்க்காரர்கள் எழுதிக் கொடுத்தால் தாங்கள் அனுமதி தருவதாக நிலக்காரர்கள் சொன்னார்கள். சாலைக்காரர்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று தெரிந்தால் பார்க்கலாம் என்றார்கள் தண்ணீர்க்காரர்கள். சாலைக்காரர்கள், பாலம் எந்த உயரத்தில் வரும் என்று தெரியாமல் எப்படிச் சொல்வது என்றார்கள். யாரும் கடுமையாகப் பேசவில்லை. ஓரிடத்தில் டீகூட வாங்கிக் கொடுத்தார்கள். பாயும் நானும் என் ஸ்கூட்டரில் தாம்பரத்துக்கும் கிண்டிக்கும் போய்வந்ததில், கூட்டமில்லாத நேரத்திலும் ஜிஎஸ்டி ரோடு எப்படி நெரிசலாக இருக்க முடியும் என்பதைக் கற்றுக்கொண்டோம். கடைசியில் தண்ணீர்க்காரர்கள், எல்லாவற்றுக்கும் உயரம்தான் முதல் கேள்வி, அதற்கு ஆள் அனுப்புகிறோம் என்றார்கள்.

வந்தவர் இளம் பெண். உதவிப் பொறியாளர். லெவல் பார்க்கிற கருவியும், அளவுகோல் பிடிக்க ஓர் ஊழியரும் கூட வந்தார்கள். கால்வாயின் குறுக்கே தூண் நிற்கக்கூடாது, பாலத்தின் அடிப்பக்கம் வெள்ளம் இதுவரை வந்த அதிகபட்ச உயரத்துக்கு மேலேயும், மிதந்து வருகிற குப்பை தட்டாமல் போக இன்னும் கொஞ்சம் மேலேயும் இருக்கவேண்டும் என்று விளக்கினார். நியாயமாகத்தான் இருந்தது. "வெள்ளம் எவ்வளவு உயரம் வந்துச்சு?" என்று கேட்டார்.

நாங்கள் பெருமையோடு சுவர்களைக் காட்டினோம்.

இங்கே எங்கள் தெருவின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாகவேண்டும். வெள்ளம் வந்த வருஷம் ஒவ்வொரு வீட்டு மதிலிலும் தண்ணீர் நின்ற இடத்தில் சிவப்பு பெயின்டால் ஒரு கோடு போட்டோம். மறக்கக்கூடாது என்பதற்காக. ஆனால் பொங்கலுக்குப் பொங்கல் மதிலுக்கு வெள்ளையடிக்கும்போது கோடு மறைந்துவிடும். பெயின்டர் எங்கே போடுவது என்று கேட்பார். நாம் ஞாபகத்திலிருந்து கை காட்டுவோம். நடுவில் சாலையையும் ஒரு தடவை உயர்த்திப் போட்டார்கள். பழைய சாலையிலிருந்து இடுப்பளவு என்பதைப் புதுச் சாலையிலிருந்து இடுப்பளவு என்று கை காட்டினால் கோடு தானாக ஏறும். பக்கத்து வீட்டுக் கோடு நம் கோட்டைவிட மேலே இருந்தால் நம் ஞாபகமும் சற்று ஏறும். யாரும் பொய் சொல்லவில்லை. எங்கள் துயரம் பக்கத்து வீட்டுத் துயரத்தைவிடக் குறைவாக இருக்க நாங்கள் சம்மதிக்கவில்லை, அவ்வளவுதான். என் வீட்டில் கோடு என் மூக்குக்கு நேராக இருந்தது. நான் குள்ளம் என்பதால் அதைப் பெரிய மிகை என்று சொல்ல முடியாது என்பது என் வாதம்.

பொறியாளர் கருவியை முக்காலியில் நிறுத்தி, வரிசையாக எல்லாக் கோடுகளையும் பார்த்துக் குறித்துக்கொண்டார். பிறகு குறிப்பையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், தண்ணின்னா சமமா நிக்கும். உங்க தெருவுல மட்டும் மாடிப்படி ஏறியிருக்கு" என்றார்.

நாங்கள் அவரவர் கோட்டைத் திரும்பிப் பார்த்தோம். எல்லாவற்றிலும் உயரமான கோடு பாய் வீட்டில் இருந்தது. ஜன்னலின் அடிக்கட்டைக்கு நேராக. பொறியாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். இந்தக் கோட்டை வைத்தால் பாலம் பாய் வீட்டு ஜன்னல் உயரத்தில் வந்து சேரும். அங்கிருந்து வாக்கர் இறங்குவதற்குச் சரிவு போட்டால் அது முன்முற்றத்தைத் தாண்டி, ஹாலைத் தாண்டி, சமையலறையில் போய் முடியும். அப்படி ஒரு வரைபடத்தை மேலே அனுப்பினால் அனுமதி வராது. கோட்டை நம்பாமல் அவராகக் குறைத்து எழுதவும் முடியாது. குறைத்து எழுதி நாளைக்குப் பாலத்தில் குப்பை அடைத்துக்கொண்டால் மறுபடியும் இதே தெருதான் முழுகும்.

பாய் தன் வீட்டுக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். "என் கையாலதான்மா போட்டேன்" என்றார். "கொஞ்சம் ஏத்திதான் போட்டுட்டேன் போல. ஆனா எவ்வளவுன்னு இப்ப எனக்கே தெரியலயே."

வீட்டுக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. அக்கா வேலை பார்த்த காலமெல்லாம் ஒரு கேஸ் ஏஜென்சியில் போன் எடுத்தவர். சிலிண்டர் வராத கோபத்தில் பேசுகிற பாதி தாம்பரத்தை நாள் முழுக்கச் சமாளித்த குரல், சுவரைத் தாண்டி வருவதற்குச் சிரமப்படாது. "பீரோவை நகர்த்திப் பாருங்க. அது பின்னாடி யாரும் பெயின்ட் அடிக்கல" என்றது.

பொறியாளர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகை வழியாக உள்ளே போனார். நாங்கள் பீரோவை இழுத்தோம். முன்பக்கம் பளபளவென்று புதுப் பெயின்ட். பின்பக்கம், அடியிலிருந்து சற்று மேலே, அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி ஒரு துருக்கோடு. அதற்குக் கீழே தகடு முழுக்கப் பழுப்பு. அதற்கு மேலே சுத்தம். வீட்டுக்குள் தண்ணீர் கணுக்காலுக்குச் சற்று மேலே வந்திருக்கிறது. அவ்வளவுதான். அந்த உயரத்தில் பாலம் வந்தால் வாக்கருக்கான சரிவு முன்முற்றத்துக்குள்ளேயே அடங்கும்.

ஆனால் ஒரு வீட்டு பீரோவை வைத்து எழுதமுடியாது என்றார் பொறியாளர். தெருவில் இன்னும் சில வீடுகளிலாவது இதே மாதிரி அடையாளம் கிடைத்தால், எல்லாம் ஒரே மட்டத்தில் இருந்தால், அதைக் கோப்பில் வைக்கலாம். அடுத்த வாரம் மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே எதிர்ப்பு கிளம்பியது. சங்கச் செயலாளர் இந்த ஊரின் பழைய குடும்பத்துக்காரர். எங்கள் மனைகள் நெல் விளைந்த காலத்தில் அவர்களுடைய வயல்கள். கால்வாய்க் கரைக்குத் தடுப்புச் சுவர் கேட்டு அவர் அலையாத அலுவலகம் கிடையாது. வெள்ள உயரத்தைக் குறைத்து எழுதினால் வரப்போகிற சுவரும் குட்டையாகிவிடும் என்பது அவர் பயம். அதுவும் வெறும் பிடிவாதம் என்று சொல்ல முடியாது. வெள்ளத்தன்று எங்கள் வீட்டுப் பெரியவர்களையெல்லாம் தன் டிராக்டரில் ஏற்றிக் கொண்டுபோனவர் அவர்தான்.

என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். "இன்னா எழுத்தாளர் சார், போன தபா கழுத்து வரைக்கும்னு எழுதினீங்கோ. இப்ப கணுக்காலுக்கு எறக்கச் சொல்றீங்களாமே. பேனாவுல வெள்ளம் வடிஞ்சிடுச்சா?"

கழுத்து என்று எழுதியது சாலையில் நின்ற தண்ணீரைப் பற்றி, இது வீட்டுக்குள் என்று விளக்கினேன். சாலையிலும் கழுத்து வரை நிற்கவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் அதைச் சொல்லாமல் சிரித்தார். தன் வீட்டு பீரோவை யாரும் தொடவேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு மூன்று வீட்டு ஆண்களும் யோசிக்க ஆரம்பித்தார்கள். பாய் யாரையும் போய்க் கேட்கவில்லை. தனக்காகத் தெருவே சுவரை விட்டுக்கொடுக்கவேண்டும் என்று எப்படிக் கேட்பது என்றார். நானும் ஒரு பயனுள்ள யோசனையும் சொல்லாமல், ஆழ்ந்து யோசிக்கிற முகத்தோடு அவருடன் உட்கார்ந்திருந்தேன்.

கேட்டது அக்காதான். நாற்காலியில் உட்கார்ந்தபடி போனை எடுத்து, வீடு வீடாகப் பேசினார். ஆண்கள் யாரையும் கேட்கவில்லை. பீரோச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர்களைக் கேட்டார். என் மனைவியிடம் பேசியபோது நான் பக்கத்தில் இருந்தேன். கெஞ்சல் இல்லை, வருத்தம் இல்லை. புகார் பதிவு செய்கிற குரல். "உங்க வீட்ல பீரோ பின்னாடி துரு எங்க இருக்குன்னு பார்த்துச் சொல்றீங்களா? நான் நடக்கணும். பாலம் ஜன்னல் கிட்ட வந்தா நான் அதுல ஏற முடியாது." எல்லா வீட்டிலும் இதையேதான் சொன்னாராம்.

அந்த வாரம் எங்கள் தெருவில் பீரோக்கள் இழுபட்ட சத்தம். பின்னால் இருந்து காணாமல் போன கரண்டிகளும், யாருடையதென்று தெரியாத ஒரு பல்செட்டும் வெளிவந்தன. எங்கள் வீட்டு பீரோவைப் போன வருஷம் மாற்றிவிட்டோம். ஆனால் அது இருந்த மூலையில், தரையில், விற்காத என் புத்தகக் கட்டு ஒன்று அப்படியே இருந்தது. தண்ணீர் ஏறிய அளவுக்குப் பக்கங்கள் உப்பிப் பழுப்பேறி, அதற்கு மேலே அச்சடித்த அன்றைக்கு மாதிரி இருந்தன. மறுவாரம் வந்த பொறியாளர் அதன் முன்னால் அளவுகோலை நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டார். என் எழுத்தை ஒருவர் அவ்வளவு கவனமாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

செயலாளர் வீட்டு வாசலுக்கு நாங்கள் போகவே தயங்கினோம். அவரே கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். பீரோ ஏற்கெனவே ஹால் நடுவில் இருந்தது. "இன்னா பண்றது, வூட்ல சொல்லிட்டாங்க" என்றார். பிறகு பொறியாளரிடம், சுவர் விஷயத்தைக் கேட்டார். சுவரின் உயரத்தை ஏரியிலிருந்து எவ்வளவு தண்ணீர் வெளியேறும் என்று கணக்கிட்டுத்தான் முடிவு செய்வார்கள், எங்கள் பெயின்ட்டை வைத்து அல்ல என்றார் அவர். "தப்பான உயரத்தை எழுதினா சுவரும் வராது, பாலமும் வராதுங்க. ரெண்டு கோப்பும் ஒண்ணை ஒண்ணு பார்த்துக்கிட்டு நிக்கும்." செயலாளர் முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் அளவுகோலின் அடியைத் தானே பிடித்துக்கொண்டார்.

துருக்கோடுகள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருந்தன. பார்த்தபோது எங்களுக்கே சற்று ஆச்சரியமாக இருந்தது. அத்தனை வருஷம் வீட்டுக்கு வீடு வேறு வேறு வெள்ளத்தை அனுபவித்ததாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகும் காகிதங்கள் அவற்றின் வேகத்தில்தான் நடந்தன. உயரம் தெரிந்ததும் சாலைக்காரர்கள் எழுதினார்கள். சரிவு சாலைக்குள் வராமல் கரையோரமாகத் திரும்பி இறங்கவேண்டும் என்று ஒரு நிபந்தனை. அதைப் பார்த்துத் தண்ணீர்க்காரர்களும், அவர்களைப் பார்த்து நிலக்காரர்களும் எழுதினார்கள். ஒரு நாள் பாய் உத்தரவோடு வந்தார். வராந்தாவில் உட்காரவில்லை. வாங்க, அவள் முன்னாடி படிக்கலாம் என்று என்னை அழைத்துக்கொண்டு போனார்.

மேலே கூரை போடக்கூடாது. வண்டி நிறுத்தக்கூடாது. மழைக்காலத்தில் அடியில் குப்பை தங்காமல் உரிமையாளரே பார்த்துக்கொள்ளவேண்டும். கடைசி நிபந்தனையில் பாய் நின்றுவிட்டார். கால்வாயை விரிவுபடுத்தும்போதோ வேறு எப்போதோ, துறை கேட்டுக்கொண்டால் பாலத்தைச் சொந்தச் செலவில் அகற்றிவிடவேண்டும்.

"எப்ப வேணா எடுக்கச் சொல்லலாம்னு போட்டிருக்கே" என்றார் பாய்.

"சொல்லட்டும்" என்றார் அக்கா. "கால்வாய் அவங்களுதுதானே. அவங்க சொல்றதுக்குள்ள நான் நடந்து பழகிக்கறேன்."

பாலத்தைப் பட்டறையில் செய்து, ஒரு சின்ன கிரேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். வழுக்காத புள்ளித் தகடு, இரண்டு பக்கமும் கைப்பிடி. பொறியாளர் வந்து அடிப்பக்க உயரத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அக்கா வாக்கரோடு வாசலில் நின்றார். பாய் பக்கத்தில் போனார். ஆட்டோக்காரர்களும் பழக்கத்தில் முன்னால் வந்தார்கள். யாரும் தொடவேண்டாம் என்று அக்கா கையால் காட்டினார்.

ஒவ்வொரு அடியாக வந்தார். நடுவில் நின்று கீழே பார்த்தார். தண்ணீர் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் இங்கே குடியிருந்தும் அது ஓடுவதைப் பார்த்ததே இல்லை, எப்போதும் மேலே கார்தான் நின்றது, நாற்காலியில் தூக்கிப்போனபோது கண்ணை மூடிக்கொண்டேன் என்று யாருக்கென்றில்லாமல் சொன்னார். பிறகு மறுபடி நடந்தார். வாக்கரின் கால்கள் தகட்டில் டக் டக்கென்று ஊன்றின. பாய் அந்தப் பக்கமே நின்றார்.

இந்தப் பக்கம் சரிவில் அவர் திரும்பி இறங்கத் தொடங்கியபோது, கை கொடுக்கலாம் என்று நான் இரண்டடி முன்னால் போய் நின்றேன்.

"தம்பி, வழியில நிக்காதீங்க" என்றார் அக்கா.

நகர்ந்துகொண்டேன். அவர் என்னைத் தாண்டி, சாலையின் ஓரமாக, கேம்ப் ரோட்டுக்குக் கூட்டிப்போகக் காத்திருந்த ஆட்டோவை நோக்கிப் போனார்.